ஒரே பந்தி: வ.வே.சு. ஐயரும் ஹண்டி பேரின்பநாயகமும்

1924-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பாக்கு நீரிணையின் இரண்டு கரைகளிலும் ஒரே கேள்வி எழுந்தது. நாட்டின் விடுதலைக்காகப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிற இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாமா? தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தில் அந்தக் கேள்வி வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் முதன்முறையாகக் கூடியது. தீண்டாமையை நம்மிடையே இருந்து அகற்றப் பாடுபடுவோம் என்று அந்த முதல் மாநாட்டிலேயே தீர்மானம் எழுதியது. அதை உருவாக்கி ஓடியாடி நடத்தியவர் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம். அப்போது அவருக்கு வயது 25. ஐயருக்கு 43.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பாரிஸின் லாச்சப்பல் நல்ல இடம். ஐயர் இந்த நகரத்தில் தலைமறைவு மாதங்களைக் கழித்தவர். பேரின்பநாயகம் எந்தச் சமூகத்தைத் திருத்தப் பாடுபட்டாரோ அந்தச் சமூகத்தின் பேரப்பிள்ளைகள் இன்று ஃபோபூர் சென் தெனி வீதியிலும் கை வீதியிலும் பெர்தொனே வீதியிலும் கடை வைத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிப் போகிறார்கள். ஐயரின் பெயர் இங்கே ஓரளவு தெரியும்: திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியவர். பேரின்பநாயகத்தின் பெயரைக் கேட்டால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதியவர்களில் சிலர் மட்டும் தலையாட்டுவார்கள். இது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

ஐயர் 1881 ஏப்ரல் 2-ஆம் தேதி திருச்சி வரகனேரியில் பிறந்தார். வக்கீல் தொழில் அவரைத் திருச்சியிலிருந்து ரங்கூனுக்குக் கொண்டுபோயிற்று. பாரிஸ்டர் ஆகும் ஆசை 1907-இல் லண்டனுக்குக் கொண்டுபோயிற்று. லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படிக்கப் போனவர் இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸில் சாவர்க்கரின் நெருங்கிய தோழரானார். 1909 ஜூலை 1-ஆம் தேதி மதன்லால் திங்ரா ஆங்கிலேய அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற பிறகு அந்த வீட்டின் ஒவ்வொரு ஆளின் பின்னாலும் போலீஸ் நடந்தது. 1910 மார்ச்சில் சாவர்க்கர் விக்டோரியா ரயில் நிலையத்தில் கைதானார். ஐயர் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பாரிஸில் இந்திய விடுதலைக்கு ஒரு முகவரி இருந்தது: பொந்தியூ வீதி 25-ஆம் எண், மேடம் பிகாஜி காமாவின் இருப்பிடம். ரத்தின வியாபாரி எஸ்.ஆர். ராணாவும் இந்த வட்டத்தின் பெரிய தூண். சாவர்க்கரை இந்தியாவுக்குக் கொண்டுபோன ‘மோரியா’ கப்பல் மார்செய் துறைமுகத்தில் நின்றபோது, 1910 ஜூலை 8 அன்று, அவர் கடலில் குதித்து நீந்திக் கரையேறினார். அவரை அழைத்துப் போக வரவேண்டிய காமாவும் ஐயரும் சற்றுப் பிந்திப் போனார்கள். அதற்குள் பிரெஞ்சுக் காவலர் அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டார். அந்தத் தாமதம் ஐயரை என்ன செய்திருக்கும் என்று ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டாம். அந்த ஆண்டு முடிவதற்குள் மாறுவேடத்தில் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். பாரிஸிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, அவரைக் காத்தது பிரெஞ்சு மண். பிற்காலத்தில் லாச்சப்பலுக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்கும் அதே அரசின் சட்டம்தான் நிழல் தந்தது.

புதுச்சேரியில் பத்து ஆண்டு. பாரதியாரும் அரவிந்தரும் இருந்த ஊர் அது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் ஐயர். அதே மனிதர் அதே ஊரில் கம்ப நிலையம் என்று பதிப்பகம் வைத்தார், சிறுகதை எழுதினார், குறளை முழுவதுமாக ஆங்கிலத்தில் பெயர்த்தார். முதல் உலகப் போருக்குப் பின் பொதுமன்னிப்பில் வெளியே வந்து ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். ராஜத்துரோக வழக்கில் பெல்லாரிச் சிறை. சிறையில் கம்பராமாயணம் பற்றிய ஆங்கில நூல். துப்பாக்கி போய்விட்டது. விடுதலை மனிதனை வகுப்பறையில்தான் வளர்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். 1922-இல் குருகுலம் தொடங்கிற்று. முதலில் கல்லிடைக்குறிச்சி, பிறகு சேரன்மாதேவி.

அந்தக் குருகுலம் என்ன செய்ய முயன்றது என்பதைச் சண்டையின் புழுதியில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆங்கிலப் பள்ளி குமாஸ்தாக்களை வார்த்தெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், எல்லாப் பாடத்தையும் தமிழில் கற்பிக்க வேண்டும் என்றார் ஐயர். உடற்பயிற்சி, பயிர்த்தொழில், கைத்தொழில் எல்லாம் பாடத்திட்டத்துக்குள் வந்தன. ‘பாலபாரதி’ என்ற இதழும் அங்கிருந்து வெளிவந்தது. தமிழ்வழிக் கல்வி பற்றி நாம் இன்றும் மேடையில் பேசுவதை அவர் நூறு ஆண்டுக்கு முன் ஓர் ஆற்றங்கரையில் நடத்திக் காட்டினார்.

பேரின்பநாயகத்தின் வாழ்க்கையில் மாறுவேடமோ கப்பலோ துப்பாக்கியோ கிடையாது. 1899-இல் மானிப்பாயில் பிறந்தார். அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தார், அங்கேயே படிப்பித்தார். அவருடைய ஆயுதம் மாணவர்களோடு கதைப்பது, தீர்மானம் எழுதுவது, கூட்டம் நடத்துவது. இந்திய விடுதலை இயக்கத்தைக் கடலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களில் அவரைப் போல அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டவர் குறைவு. 1927 நவம்பர் கடைசியில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது மாணவர் காங்கிரஸ்தான். பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய அந்த அமைப்பு, தமிழ்ப் பிள்ளை சிங்களமும் சிங்களப் பிள்ளை தமிழும் படிக்க வேண்டும், கல்வி தாய்மொழியில் நடக்க வேண்டும், இலங்கைக்கு முழு சுயராச்சியம் வேண்டும் என்றது. 1920-களில் இதைச் சொன்னவர்கள் கொழும்பின் பெரிய மனிதர்கள் அல்லர். வட்டுக்கோட்டை, மானிப்பாய், கோப்பாய்ப் பக்கத்து வாத்தியார்கள்.

ஆக, கல்வித் திட்டத்தில் இருவரும் வெகு அருகில் நிற்கிறார்கள். தாய்மொழி, உழைப்புக்கு மரியாதை, அடிமைப் புத்தியை உதறுவது. காந்தியும் இருவருக்கும் பொது. அதில் ஒரு செய்தி மனதை விட்டுப் போவதில்லை. 1909 அக்டோபரில் லண்டனில் இந்திய மாணவர்கள் ஒரு விருந்து வைத்தார்கள். தலைமை தாங்க வந்த காந்தி, சைவ உணவாக இருந்தால்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார். அன்று சமையலறையில் பாத்திரம் கழுவிக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதரை உடன் வேலை செய்தவர்கள் யாரென்று அறியாமலே இருந்தார்கள் என்றும், ஐயர் அங்கே வந்து அடையாளம் கண்ட பிறகுதான் அவர் காந்தி என்று தெரிந்தது என்றும் அப்போது லண்டனில் இருந்த டி.எஸ்.எஸ். ராஜன் நினைவுகூர்ந்திருக்கிறார். பாத்திரம் கழுவிய தலைவரை நேரில் கண்டவர் ஐயர். அவருடைய குருகுலம் சாப்பாட்டு வரிசையில் உடைந்தது.

நடந்தது இதுதான். குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்கள் மற்றவர்களோடு சேராமல் தனியே சாப்பிட்டார்கள். அவர்களைச் சேர்க்கும்போது பெற்றோர் போட்ட நிபந்தனை அது, ஐயர் ஒப்புக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பானையிலும் உணவிலும்கூட வேற்றுமை இருந்தது என்று குற்றச்சாட்டுகள் கிளம்பின. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்திருந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் இந்தப் பிரிவினை எப்படி என்று பெ. வரதராஜுலு நாயுடு தன் ‘தமிழ்நாடு’ இதழில் கேட்டார். மீதிப் பணத்தைத் தர காங்கிரஸ் செயலாளர் ஈ.வெ. ராமசாமி மறுத்தார். இனிமேல் சேரும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகவே சாப்பிடுவார்கள், ஏற்கெனவே கொடுத்த வாக்கை மட்டும் மீற முடியாது என்றார் ஐயர். காந்தியின் சமரசமும் அந்த வழியிலேயே போயிற்று. எதிர்த்தவர்கள் அதை ஏற்கவில்லை. 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் பாய்ந்தவர் திரும்பவில்லை. மகளும் பிழைக்கவில்லை. ஐயருக்கு அப்போது வயது 44.

ஐயர் தனிவாழ்வில் சாதி பார்த்தவர் என்று அவரை எதிர்த்தவர்களே பெரும்பாலும் சொன்னதில்லை. பிறகு ஏன் அந்த வாக்கைக் கொடுத்தார்? பள்ளி வளர வேண்டும், பிள்ளைகள் வர வேண்டும், காலப்போக்கில் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை. இரண்டு பெற்றோரின் மனம் கோணாதிருக்கக் கொடுத்த சிறிய சலுகை. ஆனால் பந்தியும் பள்ளியின் பாடத்திட்டத்தில் ஒரு பாடம். வகுப்பில் தமிழ்ப் பாடம் எதைச் சொன்னாலும், நண்பகலில் தனி இலை போட்டதும் எல்லாப் பிள்ளைகளும் படித்துக்கொண்ட பாடம் வேறு. தள்ளி உட்கார்ந்தவன் ஒன்றைக் கற்றான், தள்ளி உட்கார்ந்தவனைப் பார்த்தவன் இன்னொன்றைக் கற்றான். நாயுடுவும் ராமசாமியும் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்றே நான் எண்ணுகிறேன். ஐயரின் மேல் எனக்குள்ள மதிப்பு அதைச் சொல்லத் தடையாக இல்லை. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ராமசாமி வெளியேறினார். அதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் உடனடிக் காரணம். ஆனால் சேரன்மாதேவியின் கசப்பு அதற்கு முன்பே சேர்ந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் அந்த ஆண்டுகளில் நிலைமை இதைவிடக் கொடியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் தரையிலோ வகுப்புக்கு வெளியிலோ இருந்து படித்தார்கள். வாங்கு மற்றப் பிள்ளைகளுக்கு. 1920-களின் முடிவில், அரசு உதவி பெறும் பாடசாலைகளில் எல்லோருக்கும் சம ஆசனம் தர வேண்டும் என்று கல்வித் திணைக்களம் உத்தரவிட்டது. ஆசிரியப் பயிற்சி விடுதிகளில் சமபந்தி வந்தது. எதிர்ப்பு மூர்க்கமாக எழுந்தது. சில பாடசாலைகள் தீ வைத்து எரிக்கப்பட்டன. எதிர்த்தவர்களின் பக்கம் நின்ற பெரிய பெயர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இராமநாதன் கல்லூரியையும் பரமேஸ்வராக் கல்லூரியையும் தந்து, சைவப் பிள்ளைகளின் கல்விக்காகச் செல்வத்தைக் கொட்டியவர். அந்தப் பெயருக்கு எதிராக, சமபந்திக்கும் சம ஆசனத்துக்கும் ஆதரவாகப் பகிரங்கமாக நின்றவர்கள் வாலிபர் காங்கிரஸின் இளம் ஆசிரியர்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளக் குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டிலும் கோவில் வீதியிலும் அவர்கள் ஏச்சுப் பட்டிருப்பார்கள்.

பேரின்பநாயகம் ஐயரைவிடத் தைரியசாலி என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. உயிரைப் பணயம் வைத்த அனுபவத்தில் ஐயருக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியவர் இவர்களில் எவருமில்லை. வேற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. பேரின்பநாயகம் பாடசாலையைச் சொந்தமாக நடத்தவில்லை. அவர் சம்பளத்துக்குப் படிப்பித்த ஆசிரியர். கல்லூரியின் செலவுக்குப் பெற்றோரின் முகம் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. மிஷன் கல்லூரிகள் சாதிப் பிடிவாதத்தோடு தங்கள் சண்டைகளை அவருக்கு முன்பே போட்டிருந்தன. சம ஆசனத்துக்குப் பின்னால் அரசின் உத்தரவு இருந்தது. ஐயருக்குப் பின்னால் ஒரு நன்கொடைப் பட்டியல் இருந்தது. அதில் பிராமணரும் இருந்தார்கள், செட்டிநாட்டுத் தனவந்தரும் இருந்தார்கள், காங்கிரஸும் இருந்தது. ஒவ்வொருவருக்கும் பள்ளியின் மேல் ஓர் உரிமை. ஆங்கில அரசை வெறுத்து அதன் பணத்தைத் தொடாமல் பள்ளி நடத்தியவரைச் சொந்தச் சமூகத்தின் பணம் கட்டிப்போட்டது. ஆங்கில அரசின் உதவிப் பணம் வாங்கிய யாழ்ப்பாணப் பாடசாலைகளில் வாங்கு எல்லோருக்கும் பொதுவானது. தேசியம் பேசிய இருவருக்குமே இது கசக்கக்கூடிய உண்மை. அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நேர்மையாகாது.

பேரின்பநாயகத்தின் சறுக்கல் அரசியலில் வந்தது. 1931-இல் டொனமூர் யாப்பின் கீழ் நடந்த முதல் அரசாங்க சபைத் தேர்தலை, அது சுயராச்சியம் தரவில்லை என்பதற்காகப் பகிஷ்கரிக்கும்படி வாலிபர் காங்கிரஸ் கேட்டது. சர்வசன வாக்குரிமை வந்த முதல் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. தெற்கு அதைப் பின்பற்றவில்லை. 1934-இல் ஆசனங்கள் நிரப்பப்பட்டபோது பருத்தித்துறையிலிருந்து ஜி.ஜி. பொன்னம்பலம் வந்தார், இன அடிப்படை அரசியல் மேடை ஏறியது. அதற்கு எதிராக 1939-இல் ‘வகுப்புவாதமா தேசியமா’ என்ற பொருளில் ஆங்கிலச் சிறுநூல் ஒன்றை வாலிபர் காங்கிரஸ் வெளியிட்டது. வாதம் வலுவானது. கேட்க ஆள் குறைந்துவிட்டது. 1947 தேர்தலில் வட்டுக்கோட்டையில் நின்ற பேரின்பநாயகம் தோற்றார்.

எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது என்ற அதே குணம் பந்தியில் அவரைச் சரியாக நிறுத்தியது, தேர்தலில் தனிமைப்படுத்தியது. ஐயரிடம் இது தலைகீழ். அரசியலில் கடைசிவரை வளையாதவர், தன் பள்ளியின் சாப்பாட்டு அறையில் வளைந்தார்.

பேரின்பநாயகத்துக்கு ஐயருக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்தது: காலம். 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். ஆசிரியர் சங்கங்களை வளர்த்தார். 1961-இன் தேசியக் கல்வி ஆணைக்குழுவில் உறுப்பினராக இருந்தார். ஆனால் அந்த நீண்ட ஆயுளில் தான் சொன்னதெல்லாம் கைவிடப்படுவதையும் பார்த்தார். இரு மொழியும் எல்லோரும் படிக்கட்டும் என்றவர் 1956-இல் சிங்களம் மட்டும் என்ற சட்டத்தைக் கண்டார். 1960-களின் பிற்பகுதியிலும் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள் நுழையவும், 1968-இல் மாவிட்டபுரம் கோவிலுக்குள் போகவும் மக்கள் அடிபட வேண்டியிருந்தது. 1976-இல் தனிநாட்டுத் தீர்மானம் வட்டுக்கோட்டையின் பெயரிலேயே வந்தது. 1977-இல் அவர் இறந்தார். ஆறு ஆண்டுகளில் 1983 ஜூலைக் கலவரம் வந்தது.

அந்த ஜூலைக்குப் பின் கூட்டங்கூட்டமாக வந்தவர்களால் எழுந்ததுதான் இன்றைய லாச்சப்பல். இங்கே சாப்பாட்டுக்கடையில் இடியப்பமும் சொதியும் கொத்துரொட்டியும் சாப்பிட உட்காரும் எவரும் பக்கத்து மேசையில் யார் என்று கேட்பதில்லை, சமைத்தவர் யார் என்றும் கேட்பதில்லை. ஐம்பது ஆண்டுக்கு முன் ஊரில் இரத்தம் சிந்தி வாங்கிய உரிமை இங்கே ஒரு பேச்சும் இல்லாமல் நடைமுறையாகிவிட்டது. அகதி வாழ்க்கையின் நெருக்கடி அதைச் செய்தது: ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து, ஒரே சட்டியில் சமைத்தவர்களுக்குப் பந்தி பிரிக்க இடமிருக்கவில்லை. ஆனால் திருமணப் பேச்சு தொடங்கியதும் ‘எந்த ஊர்?’ என்ற கேள்வி வருகிறது. ‘ஊரில் எந்தப் பக்கம்?’ என்பது அடுத்தது. இரண்டாவது கேள்வி எதைத் தேடுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

பிள்ளைகள் பகலில் படிப்பது பிரெஞ்சுப் பள்ளியில். ஐயர் பிறந்த அதே 1881-இல் ஜூல் ஃபெரி ஆரம்பக் கல்வியை இலவசமாக்கினார். அடுத்த ஆண்டு அதைக் கட்டாயமாகவும் மதச்சார்பற்றதாகவும் ஆக்கினார். அந்தப் பள்ளிகள் பலவற்றின் கன்ரீனில் பன்றி இறைச்சி சாப்பிடாத பிள்ளைக்கு வேறு உணவு உண்டு, வேறு மேசை கிடையாது. சேரன்மாதேவியில் ஐயருக்கு முன் இருந்த சிக்கலுக்கு இது நேரான விடை. அதை அவரால் எட்ட முடியாமற்போனது என்னை வருத்துகிறது. இந்தப் பள்ளி உலகின் எல்லா நியாயத்தையும் கட்டிக்கொண்டது என்று சொல்ல வரவில்லை. குடியேறியவர்களின் பிள்ளைகள் அதற்குள் படும் பாடு தனிக்கதை.

நமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளைப் பற்றித்தான் இந்த ஒப்பீடு எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது. அவை அரசின் உத்தரவில் நடப்பவை அல்ல. 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த சங்கங்களின் பெயரில், பெற்றோர் தரும் கட்டணத்திலும் ஊரவர் நன்கொடையிலும், சம்பளத்தைப் பெரிதாக எண்ணாத ஆசிரியர்களின் உழைப்பிலும் நடக்கின்றன. பேரின்பநாயகத்தின் யாழ்ப்பாணக் கல்லூரியைவிட ஐயரின் குருகுலத்துக்கே அவை நெருக்கம். எல்லாப் பாடமும் தமிழில் என்பது இங்கே இயலாது. ஆனாலும் தமிழைக் கையளிக்க வேண்டும் என்ற தவிப்பு அவருடையதுதான். அவருக்கு வந்த சோதனையும் வரும். நன்கொடை தருகிறவர், பிள்ளையை அனுப்புகிறவர், ஏதோ ஒரு நாள் ஒரு சிறிய சலுகை கேட்பார். அது பந்தியாக இராது. எந்த ஊரார் நிர்வாகத்தில் இருப்பது, யாருடைய பிள்ளை மேடையில் முன்னால் நிற்பது, வரலாற்றுப் பாடத்தில் எதைச் சொல்லாமல் விடுவது என்ற வடிவத்தில் வரும்.

கடைசியாகச் சொன்னது இப்போதே நடக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பற்றிச் சொல்லும்போது நூலகம் எரிந்ததைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் நம்மவர்களே பாடசாலைகளை எரித்ததையும், ஏன் எரித்தார்கள் என்பதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும். ஐயரைச் சொல்லும்போது குறளோடும் வாஞ்சியோடும் நிறுத்தாமல் சேரன்மாதேவியையும் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு அவர் கொடுத்த வாக்கு, நாயுடுவின் கேள்வி, ஐயாயிரம் ரூபாய், எல்லாவற்றையும். கொலேஜில், அதாவது பிரெஞ்சு இடைநிலைப் பள்ளியில், திரெய்ஃபுஸ் வழக்கைப் படித்து, ஒரு நாடு தன் அநியாயத்தை எப்படி வாதாடித் தீர்த்தது என்று எழுதத் தெரிந்த பிள்ளைகள் இவர்கள். வாங்கில் உட்காரப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களைத் தடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த வகுப்பில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். இரண்டு ஆசிரியர்களில் யார் செய்தது சரி, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் தமிழில் பதில் சொல்லத் திணறினால் பிரெஞ்சிலாவது சொல்லட்டும்.